ஆறாம் பெட்டியும் நாலாம் பெட்டியும்

எனக்கு முன்கோபம் உண்டு, வாயும் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் வரை, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் என்னைவிடக் கெட்டிக்காரி கிடையாது என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவதற்கு லேப்டாப்பில் ஆதாரமும் வைத்திருந்தேன்.

என் பேர் ஹஸ்னா. ஊர் பழவேற்காடு. பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி, ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. வரதன் சார் என்பவர் ஐந்து பேரை வைத்து நடத்திய சின்ன கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதும் வேலை. முதல் ஆறு மாதம் பயிற்சிக் காலம். அதற்கப்புறம் வேலை நிரந்தரம் ஆனாலும் ஆகும், ஆகாமலும் போகும். ஆகாமல் போனால் என்ன என்பதை வாப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

“வேல நிரந்தரம்னு லெட்டர் கொண்டாந்து காட்டு, எத்தினி வருசம் வேணாலும் போய்க்கினு வந்துகினு இரு. இல்லன்னா ஊட்ல இரு. பொம்பளப் புள்ள பஸ்ஸு, ட்ரெய்னுன்னு அலையறது எனக்கு பேஜாரா கீது.”

வாப்பா சொன்னால் சொன்னதுதான். அந்த ஆறு மாதம் அக்டோபரில் முடிந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்குத் துளிக்கூட இஷ்டமில்லை.

வேலை இதுதான். தேசப்பன் என்பவருக்கு ஒரு ரோலிங் மில் இருந்தது, பழுக்கக் காய்ந்த இரும்பை நசுக்கிக் கம்பியாக இழுக்கும் இடம். அங்கே மோட்டார்கள் சூடேறிச் சூடேறிப் புகைந்துபோகும். ஃபோர்மேன் சின்னதுரை அண்ணன் மணிக்கொரு தடவை ஒவ்வொரு மோட்டாராகப் போய்க் கையை வைத்துப் பார்ப்பார். அதற்குப் பதிலாகத்தான் எங்கள் பெட்டிகள். சோப்பு டப்பா அளவில் பதினொன்று. ஒவ்வொன்றிலும் வெப்பம் பார்க்கும் சென்சார், சின்ன ரேடியோ, இரண்டு பேட்டரி. வயர் கிடையாது. கடைசிப் பெட்டி பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும், இப்படியே கைமாறி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பச்சைப் புள்ளியாக வந்து நிற்கும். எந்தப் பெட்டி எந்தப் பெட்டிக்குச் சொல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற புரோகிராம் என்னுடையது.

நிஜப் பெட்டியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைச் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சிமுலேட்டர் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பொய் மில். பதினோரு புள்ளி வைத்து, எந்தப் புள்ளியின் குரல் எந்தப் புள்ளிக்கு எவ்வளவு கேட்கும் என்று எழுதிக் கொடுத்தால், பெட்டிகள் பேசுகிற மாதிரியே அவை பேசிக்கொள்ளும். ஏணி ஏற வேண்டாம், மூக்கில் கரி அப்ப வேண்டாம். ஒரே மதியத்தில் ஆயிரம் தடவை ஓட்டினேன். ஆயிரம் தடவையும் பதினோரு புள்ளியும் பச்சை. சிமுலேஷன் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு வரி புரோகிராம்கூட வாடிக்கையாளர் இடத்துக்குப் போகக் கூடாது என்பது வரதன் சார் போட்ட சட்டம். ரிப்போர்ட்டையும் அழகாக அச்செடுத்துக் கொடுத்தேன்.

“கம்ப்யூட்டர்ல எல்லாம் ஓடும் பாப்பா. எங்க ஷெட்ல ஓடணுமே,” என்றார் சின்னதுரை அண்ணன்.

“ஓடும்ணே. நீங்க வேணா கைய பாக்கெட்ல போட்டுகினு பாருங்க.”

ஓடியது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் நிஜ மில்லிலும் பதினொன்றும் பச்சை. விஜயதசமியன்று காலை ஒன்பதே காலுக்குத் தேசப்பன் ஐயா பொத்தானை அமுக்கித் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. “அது நல்லபடியா முடியட்டும், அங்கயே உன் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்,” என்று வரதன் சார் சொல்லிவிட்டார். அன்று ரயிலில் எனக்கு ஜன்னல் சீட்டும் கிடைத்தது.

மறுநாள் ஆயுத பூஜை. பத்தரை மணிக்கு மில்லுக்குள் நுழைந்தேன், நுழைந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கரி மூஞ்சி மில்லைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்திருந்தார்கள். என் பெட்டிகளையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், சுற்றி ஈரச் சாமந்தி மாலை. அதுகூடப் பரவாயில்லை. தூணுக்குத் தூண் முழு வாழைமரம் குலையோடு கட்டியிருந்தது. தேசப்பன் ஐயா ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு லாரி நிறைய இறக்கியிருந்தார்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். நாலு புள்ளிதான் பச்சை. ஏழு புள்ளி செத்துக் கிடந்தது.

ரேடியோவுக்குத் தண்ணீர் ஆகாது, வாழைமரத்தின் உடம்பெல்லாம் தண்ணீர். என் சிமுலேட்டரில் தூண் வைத்தேன், மோட்டார் வைத்தேன், இரும்புக் கூரைகூட வைத்தேன். வாழைமரம் வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும், சொல்லுங்கள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், இதே ஜில்லாவில்தானே பிறந்து வளர்ந்தேன்.

பக்கத்து மரத்தின் கயிற்றில் கை வைத்தேன். சின்னதுரை அண்ணன் ஓடி வந்தார்.

“இன்னா பாப்பா பண்ற? கட்டின மரத்த அவுப்பாங்களா? நாளைக்கி சாயங்காலம் வரைக்கும் தொடப்டாது.”

“அப்ப பெட்டிய கழட்டி எடம் மாத்திக்கிறேன்ணே.”

“பூஜ போட்டாச்சே. நாளைக்கி காலையில தீவாரதன காட்டிட்டுதான் எந்த ஆயுதத்தையும் தொடணும். ஐயாவுக்குத் தெரிஞ்சா மில்லயே இழுத்து மூடிடுவாரு.” அப்படியே என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். “இதுவும் ஆயுதந்தானே. குடு.”

நான் வாயைத் திறப்பதற்குள் லேப்டாப் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. சந்தனம் வைத்தார்கள். பேனா, ஸ்க்ரூ டிரைவர், ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் பக்கத்தில் வரிசையாக இருந்தன. இருபத்திரண்டு மணி நேரத்தில் திறப்பு விழா, என் கையில் இருந்ததோ கேன்டீன் ரோசம்மாள் அக்கா கொடுத்த ஒரு சுண்டல் பொட்டலம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சுண்டலை ஒரே வாயில் போட்டுக்கொண்டேன்.

மென்றுகொண்டிருக்கும்போதுதான் யோசனை வந்தது. பொய் மில்லைத்தான் பூஜையில் வைத்துவிட்டார்கள். நிஜ மில் சும்மாதானே இருக்கிறது? ஆட்களும் சும்மாதான் இருந்தார்கள், வாயில் பொரியோடு.

பதினோரு பேரைக் கெஞ்சிக் கூத்தாடி ஆளுக்கொரு பெட்டிக்குக் கீழே நிற்க வைத்தேன். “நீங்கதான் பெட்டி. உங்க கையில இருக்கற சுண்டல் பொட்டலந்தான் செய்தி. நான் சொல்ற ஆள்கிட்டதான் குடுக்கணும், வேற யார்கிட்டயும் குடுக்கக் கூடாது. அவங்க வாங்கறவரைக்கும் நீட்டிகினே இருக்கணும். நடுவுல வாழமரம் மறச்சா கை எட்டாது, மரத்த சுத்திப் போய் குடுக்கப்டாது. புரிஞ்சிதா?”

அதுதான் என் புரோகிராம். முதலில் ஒரு தடவை நல்ல கூட்டாளியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும், அப்புறம் சாகும்வரை அவனையே நம்பும். சிமுலேட்டரில் கூட்டாளி யாரும் கைவிட்டதில்லை.

ஒன்பதாம் பெட்டி சின்னதுரை அண்ணன். ஆறாம் பெட்டி ரோசம்மாள் அக்கா. அவர் நாலாம் பெட்டியான குப்பம்மாள் அக்காவிடம் கொடுக்க வேண்டும். குப்பம்மாள் அக்கா ஷெட்டில் இரும்புத் தூள் கூட்டுகிறவர். இருவருக்கும் நடுவில் இருப்பதிலேயே பெரிய மரம் நின்றது. ஐந்தாம் பெட்டி வெல்டர் எட்வர்ட் அண்ணன், ஆறுக்குப் பக்கத்திலேயே ஓரமாக நின்றார்.

ஆரம்பித்தோம். சின்னதுரை அண்ணன் சொன்னபடி கேட்கிற மனுஷர். மரத்துக்கு இந்தப் பக்கம் கையை நீட்டியவர் நீட்டியபடியே நின்றார். பின்னாலிருந்து வருகிற பொட்டலமெல்லாம் அவரிடம் சேர்ந்தது. கக்கத்தில் இரண்டு, சட்டைப் பையில் மூன்று, தலையில்கூட ஒன்று வைத்தார்கள்.

“அண்ணே, கை வலிக்கலையா?”

“ரூலுன்னா ரூலுதானே மா,” என்றார்.

பச்சையாக இருந்த நாலு பெட்டியின் பொட்டலம் போக, ஆபீஸ் வாசலில் நின்ற என்னிடம் ஒரே ஒரு பொட்டலந்தான் கூடுதலாக வந்தது. அது ஆறாம் பெட்டியின் பொட்டலம். எப்படி வந்தது என்று போய்ப் பார்த்தேன். ரோசம்மாள் அக்கா குப்பம்மாள் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. நேராக எட்வர்ட் அண்ணனிடம் கொடுத்துவிட்டார், அவர் அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்.

“அக்கா, குப்பக்காகிட்டதான குடுக்கணும்னு சொன்னேன்.”

“அவகிட்ட நான் குடுக்க மாட்டேன்.”

“வெளையாட்டுக்குதானக்கா.”

“வெளையாட்டுக்கும் குடுக்க மாட்டேன். ரெண்டு வருசமா அவகிட்ட நான் பேசறதில்ல.”

“எனுக்கு மட்டும் இவகிட்ட வாங்கணும்னு வேண்டுதலா?” என்றது மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

இன்னும் மூன்று தடவை ஓட்டினேன், ஆட்களை இடம் மாற்றி நிறுத்தி. எங்கே நிறுத்தினாலும் சொன்னபடி கேட்டவர்கள் எல்லாம் சிக்கிக்கொண்டார்கள், ரோசம்மாளும் குப்பம்மாளும் மட்டும் ஒருவரையொருவர் தவிர்த்துவிட்டு வேறு வழி பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் பெட்டிகளுக்கு அறிவு போதும், ரோஷந்தான் போதாது. மூன்று தடவை கொடுத்தும் வாங்காதவனோடு காய் விட்டுவிட்டு அடுத்தவனிடம் போகத் தெரிய வேண்டும். பத்து நிமிஷம் கழித்துப் பழம் விட்டுப் பார்க்கவும் தெரிய வேண்டும், அந்தப் பக்கம் மரம் போயிருக்கலாம் அல்லவா.

பேனா எல்லாம் பூஜையில் இருந்ததால், கைப்பையில் கிடந்த கண்மைப் பென்சிலை எடுத்து, சுண்டல் மடித்த தினசரித் தாளின் ஓரத்தில் பதினாலு வரி எழுதினேன்.

“இன்னிக்கி எழுதப்டாது, மா,” என்றார் எட்வர்ட் அண்ணன்.

“இது எழுத்து இல்லண்ணே. மை.”

விஜயதசமி காலை ஏழே முக்காலுக்குத் தீபாராதனை முடிந்து லேப்டாப் என் கைக்கு வந்தது. பதினாலு வரியையும் அடித்தேன். பதினோரு பெட்டியையும் ஏணி வைத்து இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றி, மறுபடி மாட்ட வேண்டும். சிமுலேட்டரில் முதலிலிருந்து ஓட்ட நேரமே இல்லை. எட்டு மணிக்கு வரதன் சார் போன் செய்தார்.

“புரோகிராம மாத்தினியாமே, சின்னதுரை சொன்னாரு. சிமுலேஷன்ல ஓட்டினியா?”

“ஓட்டினேன் சார்.”

“ரிப்போர்ட்?”

“வெச்சிருக்கேன் சார்.”

இதில் எது பொய்? நாலு தடவை ஓட்டினேன், பதினோரு பேர் சாட்சி. ரிப்போர்ட் படிவத்தைத் தமிழ் வாசனையே இல்லாமல் இங்கிலீஷில் நிரப்பினேன். பெட்டிகளின் எண்ணிக்கை பதினொன்று. ஓட்டிய தடவை நாலு. தடைகள் என்ற இடத்தில் வாழைமரத்தின் தாவரவியல் பெயர். சிமுலேஷன் கருவி என்ற இடத்தில் ஆர்.கே. மாடல் என்று போட்டேன். படிக்கும்போது எனக்கே மரியாதை வந்தது.

ஒன்பதே காலுக்குத் தேசப்பன் ஐயா பொத்தானை அமுக்கினார். வாழைமரமெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றது. ஆறாம் புள்ளி கொஞ்ச நேரம் முழித்தது, அப்புறம் நாலை விட்டுவிட்டு ஐந்தைப் பிடித்துக்கொண்டது. பதினொன்றும் பச்சை. வரதன் சாருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. லெட்டரை எடுத்து மேஜைமேல் வைத்துப் பேனா மூடியையும் கழற்றிவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். என் ரிப்போர்ட்டைத் தூக்கி ஐயாவிடம் காட்டினார்.

“ஆர்.கே. மாடல் சார். இப்ப வந்த லேட்டஸ்ட்.”

“ஆர்.கே.ன்னா இன்னா நைனா?” என்றார் தேசப்பன் ஐயா.

வரதன் சார் என்னைப் பார்த்தார். நான் வாயில் வந்த இரண்டு வெள்ளைக்காரப் பேரைச் சொல்லியிருப்பேன். அதற்குள் சின்னதுரை அண்ணன் பெருமையாக முன்னால் வந்தார்.

“ரோசம்மா, குப்பம்மா ஐயா. நேத்து சுண்டல வெச்சி ஓட்டினோம்.”

நடந்ததை எல்லாம் விலாவாரியாகச் சொன்னார், தலையில் வைத்த பொட்டலம் வரை. வரதன் சார் முகம் செங்கல் நிறமானது. பேனாவை மூடினார்.

“சிமுலேஷன் பண்ணாம ஏத்திருக்க. ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்துல ஓடுது. ரிப்போர்ட்ல வேற விளையாடிருக்க. நாளைலேர்ந்து நீ வர வேணாம்மா.”

வாப்பாவின் முகம் தெரிந்தது.

“இருங்க,” என்றார் தேசப்பன் ஐயா. “என் மில்லு ஆளுங்கள வெச்சிதானே பண்ணிகிது. என் கண்ணால பாக்கறேன். எங்க, மறுபடியும் செய்யச் சொல்லுங்க.”

“சரி,” என்றார் வரதன் சார் என்னிடம். “அந்த மரத்தைத் தாண்டிப் பழைய புரோகிராம் போகாதுன்னு காட்டு. காட்டினா கையெழுத்து. இல்லன்னா கிளம்பு.”

எல்லோரும் அவரவர் பெட்டிக்குக் கீழே போனார்கள். அன்றைக்கும் ரோசம்மாள் அக்காவின் சுண்டல்தான். ஆனால் நேற்று நின்ற ஆட்கள் இல்லை அவர்கள். முதலாளி பார்க்கிறார், புதுப் புடவை, நல்ல நாள். ரோசம்மாள் அக்கா பொட்டலத்தை வைத்துக்கொண்டு தயங்கினார். பிறகு, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, மரத்தை ஒட்டிச் சாய்ந்து குப்பம்மாள் பக்கம் கையை நீட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து குப்பம்மாள் அக்காவின் கையும் மெதுவாக வந்தது. எட்வர்ட் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மில்லே எட்டிப் பார்த்தது.

நான் மட்டும் செத்துக்கொண்டிருந்தேன். பொட்டலம் கைமாறிவிட்டால், மரம் தடையே இல்லை, பழைய புரோகிராமே போதும் என்று ஆகிவிடும். மரத்தைச் சுற்றிக் கை நீட்டக் கூடாது என்று விதியைச் சொல்லித் தடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது வேறு. அவர்களுடைய சண்டைக்குக் காரணம் என்னவென்று அன்று காலையில்தான் எட்வர்ட் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ரோசம்மாள் அக்கா தன் மகள் சோனியா கல்யாணத்துக்குத் தன் கையாலேயே பிரியாணி செய்தாராம். ஊரே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குப்பம்மாள் அக்கா எல்லோர் காதிலும் விழும்படி “உப்பு எங்கடி?” என்று கேட்டுவிட்டாராம்.

“குப்பக்கா,” என்றேன், பச்சைப் பிள்ளை மாதிரி. “சுண்டல்ல உப்பு சரியா கீதா?”

“உப்பா? எங்க கீது உப்பு?” என்றார் குப்பம்மாள் அக்கா. வாய் தானாகப் பேசிவிட்டது.

ரோசம்மாள் அக்காவின் கை அப்படியே திரும்பி வந்தது. பொட்டலம் எட்வர்ட் அண்ணனிடம் போய், அடுத்தவரிடம் போய், ஆபீஸ் வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஒன்பதாம் பெட்டியில் சின்னதுரை அண்ணன் பழைய விதிப்படி கையை நீட்டிக்கொண்டு நின்றார். தேசப்பன் ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வரதன் சாரும் வேறு வழியில்லாமல் சிரித்து, கையெழுத்துப் போட்டு லெட்டரைக் கொடுத்தார். நான் அதை நாலு தடவை படித்தேன். சந்தோஷத்தில் எழுத்தே தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் தண்ணீர் குடிக்கக் கேன்டீனுக்குப் போனேன். ரோசம்மாள் அக்கா அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வேல கெடச்சிச்சா?”

“கெடச்சிச்சிக்கா.”

“அதுக்குத்தான் உப்பு கேட்டியா?”

“ஆமாக்கா,” என்றேன்.

“ரெண்டு வருசம் கழிச்சி இன்னிக்கிதான் அவ கைய நீட்டினா,” என்றார். அண்டாவைக் கவிழ்த்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும், அழுகை வந்தால் தெரியாது. நேராக ஷெட்டுக்குப் போனேன். குப்பம்மாள் அக்கா உதிர்ந்த சாமந்தியைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றேதான் கேட்டேன், என் வேலைக்காகத்தான் கேட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“தெர்யும். கேட்டப்பவே உன் முழி சரியில்ல. எனுக்குத்தான் வாய் நிக்கல.” துடைப்பத்தைத் தரையில் தட்டினார். “அவகிட்ட போய் சொல்றியா?”

“இன்னான்னுக்கா?”

“சுண்டல்ல உப்பு கீதுன்னு சொல்லு. அன்னிக்கி பிரியாணிலயும் இருந்துச்சுன்னு சொல்லு. பொண்ணு போவுதேன்னு காலையிலேர்ந்து அழுதுகினே இருந்தா. சிரிக்க வெக்கலாம்னுதான் அப்பிடி கேட்டேன்னு சொல்லு.”

“இத அப்பவே நீங்க சொல்லியிருக்கலாமேக்கா.”

“எங்க நின்னு கேட்டா அவ,” என்றார்.

லெட்டரை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கேன்டீனைப் பார்த்து நடந்தேன். பாதி வழியில் நடை போதவில்லை, ஓடினேன்.